நாய்க்குட்டி வித்து சைடு இன்கம்: அந்த எக்செல்ல விட்டுப்போன வரிகள்

சைடு இன்கம் பத்தின வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி வேற வேற வடிவத்துல வந்துக்கிட்டே இருக்கு: "அண்ணா, பெரிய நாய் ப்ரீடிங் பண்ணினா நல்ல லாபமாமே?" வீடியோவில் பத்து நிமிஷத்துக்குள்ள சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போன மாசம் ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். ஐ.டி. வேலை, கைக்கு 42,000 சம்பளம், வயசு 27. லேப்டாப்பைத் திறந்து ஒரு எக்செல் காட்டினார். ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு ஜோடி வாங்கணும். அதுக்கும் கூண்டுக்கும் முதல் வருஷத் தீனிக்கும் சேர்த்து 2 லட்சம் பர்சனல் லோன். வருஷத்துக்கு 2 ஈத்து, ஈத்துக்கு 8 குட்டி, குட்டி 25,000. ஆக வருஷம் 4 லட்சம். செலவுப் பக்கத்துல மூணே வரி: தீனி, தடுப்பூசி, இதர.

"லோன் எடுக்கலாமா அண்ணா? அது மட்டும் சொல்லுங்க போதும்"னு கேட்டார்.

அவர் கேட்டது லோனைப் பத்தி. எனக்கு உறுத்தினது அந்த மூணு வரிச் செலவு. ஒரு தொழில்ல விலை எவ்வளவு, லாபம் எவ்வளவுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, செலவுப் பட்டியல் முழுசா இருக்கான்னுதான் எங்க ஆளுங்க முதல்ல பார்ப்போம். இந்தத் தொழில்ல அதுதான் எல்லாமே. என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்: பெரிய நாய்களைப் பொறுப்பா இனப்பெருக்கம் பண்ணினா, சம்பளக்காரருக்கு அது சைடு இன்கம் ஆகாது. லாபம் வருதுன்னு யாராவது கணக்குக் காட்டினா, எந்தச் செலவைச் செய்யாம விட்டாங்கன்னு தேடுங்க. பெரும்பாலும் லாபத் தொகையும் விட்ட செலவும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும்.

சட்டமே பாதி எக்செல்லை அழிச்சிடும்

மத்திய அரசு 2017-ல் நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னு தனியா விதிகள் கொண்டுவந்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள். நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணாம இனப்பெருக்கம் பண்ணவோ குட்டி விற்கவோ கூடாது. பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், 2 வருஷத்துக்குச் செல்லும். பெட்டை நாய்க்கு குறைஞ்சது 18 மாசம் ஆகியிருக்கணும். வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது. ஆயுசுக்கே 5 ஈத்துதான். 8 வயசுக்கு மேல கூடாது. நெருங்கின ரத்த உறவுல இணை சேர்க்கக் கூடாது. குட்டிக்கு 8 வாரம் முடியறதுக்கு முன்னாடி விற்கக் கூடாது. மைக்ரோசிப் போடணும்.

இப்ப தம்பியோட எக்செல்லைப் பாருங்க. "வருஷத்துக்கு 2 ஈத்து" போச்சு. 4 லட்சம் 2 லட்சமா ஆச்சு. "ஜோடி"ன்னு ஒரே வீட்டுல ஒரே ஈத்துக் குட்டிகள் ரெண்டை வாங்கறதா இருந்தா, அது அண்ணன் தங்கச்சி. அதுவும் போச்சு. குட்டியா வாங்கினது 18 மாசம் ஆகற வரைக்கும் வருமானம் பூஜ்யம்.

இதுக்கு மேல கொள்கை ரிஸ்க் வேற. 2024 மார்ச் 12-ம் தேதி மத்திய கால்நடைத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. ராட்வெய்லர் உட்பட 23 வகை நாய்களை விற்க, இனப்பெருக்கம் பண்ண அனுமதி கொடுக்காதீங்கன்னு மாநிலங்களுக்குச் சொன்னது. அடுத்த மாசமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. ஆனா அந்த நடுவுல, வீட்டுல ஒன்பது ராட்வெய்லர் குட்டியோட உட்கார்ந்திருந்தவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. குட்டிகள் தினமும் சாப்பிடும், வளரும். வாங்கறவர் போனை எடுக்க மாட்டார். அதே 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, செயின்ட் பெர்னார்டு, சைபீரியன் ஹஸ்கி மாதிரி நம்ம வெயிலுக்கு ஒத்துவராத இனங்களைப் பட்டியல் போட்டுச்சு. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல கடைசியா வேகமா ஒரு எச்சரிக்கை ஓடுமே, அது இந்தத் தொழிலுக்கும் பொருந்தும். யாரும் படிச்சுக் காட்டறதில்லை, அவ்வளவுதான்.

சரி, முறையா பண்ணினா என்ன ஆகும்?

அன்னைக்கே தம்பியோட உட்கார்ந்து புதுசா ஒரு ஷீட் போட்டோம். இதுல இருக்கறது நாங்க வச்சுக்கிட்ட அனுமான எண்கள். உங்க ஊரு, உங்க டாக்டர், நீங்க போடற தீனியைப் பொறுத்து மாறும். ஷீட்டை நீங்களே போட்டு எண்ணை மாத்திப் பாருங்க. வரிகளை மட்டும் நீக்காதீங்க.

ஆண் நாய் வேண்டாம். ஒரே ஒரு பெட்டை. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஆரோக்கியப் பரிசோதனை முடிஞ்ச இடத்துல, 2 மாசக் குட்டியா வாங்கறோம்.

முதல் ஈத்துக்கு முன்னாடி ஆகற செலவு:

- குட்டி விலை: 60,000
- தீனி, மாசம் 5,500 வீதம் 22 மாசம்: 1,21,000
- தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, டாக்டர் ஃபீஸ், மாசம் 1,200 வீதம்: 26,400
- பழக்கப் பயிற்சி: 15,000
- இடுப்பு, முழங்கை மூட்டு எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை: 12,000
- வாரியப் பதிவும் கென்னல் கிளப் காகிதங்களும்: 8,000

மொத்தம் 2,42,400 ரூபாய்.

"18 மாசம்தானே சட்டம், ஏன் 24 மாசம் காத்திருக்கணும்?"னு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார், ராட்வெய்லர் மாதிரி பெரிய இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையா வரும். தொடை எலும்போட பந்து, இடுப்புக் குழியில சரியா உட்காராது. வெளியே பார்த்தா தெரியாது. துள்ளி ஓடற நாய்க்கும் இருக்கலாம். அமெரிக்காவுல இதுக்குச் சான்று கொடுக்கிற அமைப்பே 24 மாசம் முடிஞ்ச பிறகு எடுத்த எக்ஸ்-ரேவுக்குத்தான் இறுதிச் சான்று கொடுக்குது. எலும்பு வளர்ச்சி முடியாம எடுத்த படத்தை நம்பி அடுத்த தலைமுறையை உருவாக்கக் கூடாது.

அந்த எக்ஸ்-ரேவுல இடுப்பு சரியில்லைன்னு வந்தா? அங்கேயே ப்ராஜெக்ட் முடிஞ்சுது. கருத்தடை பண்ணிட்டு வீட்டு நாயா வச்சுக்கணும். 2,42,400 செலவு, வருமானம் சைபர். தம்பியோட எக்செல்ல இந்த வாய்ப்புக்கு ஒரு செல் கூட இல்லை.

எக்ஸ்-ரே நல்லா வந்துச்சுன்னு வச்சுக்கலாம். முதல் ஈத்து:

- ஆண் நாய்க்காரருக்குக் கொடுக்கற மேட்டிங் தொகை: 25,000
- புரூசெல்லா பரிசோதனை, சரியான நாளைக் கண்டுபிடிக்க ஹார்மோன் பரிசோதனைகள்: 8,000
- ஸ்கேன், சினைக்கால செக்கப்: 5,000
- சினைக்காலத்திலும் பால் கொடுக்கும்போதும் தாய்க்குக் கூடுதல் தீனி: 12,000
- பிரசவப் பெட்டி, சூடு விளக்கு, எடை மெஷின், துணி: 10,000
- சிசேரியன் ஒதுக்கீடு (30,000 செலவு, நாலுல ஒரு வாய்ப்புன்னு வச்சு): 7,500
- 7 குட்டிகளுக்குத் தீனி: 17,500
- 7 குட்டிகளுக்குத் தடுப்பூசி, புழு மருந்து, சிப்: 21,000
- குட்டிகளுக்குப் பதிவுக் காகிதம்: 7,000
- பகல்ல பார்த்துக்க ஒரு ஆள், 2 மாசம்: 30,000

மொத்தம் 1,43,000.

8 பிறந்து 7 பிழைக்குதுன்னு வச்சிருக்கோம். பெரிய தாய் நாய் திரும்பிப் படுக்கும்போது குட்டி அடியில மாட்டி நசுங்கறது சகஜம். முதல் வாரங்கள்ல ராத்திரி யாராவது முழிச்சிருக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான். 7-ல் ஒண்ணு நல்ல வீடு கிடைக்காம நம்மகிட்டயே நிக்குதுன்னு வச்சு, 6 குட்டி, 30,000 வீதம்: 1,80,000. ஈத்துக்கு மிச்சம் 37,000. பெட்டி, விளக்கு எல்லாம் அடுத்த தடவை வாங்க வேண்டாம். அதனால ரெண்டாவது, மூணாவது ஈத்துக்கு 47,000 வீதம். தாயோட உடம்பைப் பார்த்து மூணு ஈத்தோட நிறுத்தறோம். மொத்தம் 1,31,000.

முதல்ல போட்டது 2,42,400. வந்தது 1,31,000. நஷ்டம் 1,11,400. இதுல, ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் அந்த நாய் சாப்பிடற சாப்பாடும் டாக்டர் செலவும் சேரல. மாசம் 6,700 வீதம் 48 மாசத்துக்கு 3,21,600. சேர்த்தா நஷ்டம் 4,33,000.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. மூணு ஈத்துல வித்த 18 குட்டிகள் மேல இந்த நஷ்டத்தைப் பரப்பினா, குட்டிக்கு 24,000 ரூபாய் சொச்சம் கூட வருது. அதாவது குட்டியை ஏறக்குறைய 54,000-க்கு வித்தாத்தான் போட்ட காசு திரும்பும். உங்க உழைப்புக்குக் கூலி சைபர்னு வச்ச பிறகும் இதுதான் அடக்க விலை. 12,000-க்கு ஷெப்பர்டு குட்டி கிடைக்குதுன்னா, மீதி 42,000 எங்கே போச்சு? அதுதான் இந்தக் கட்டுரையோட கேள்வி.

ஷார்ட்கட் கணக்கு

அதே ஷீட்டை "ஊர்ல எல்லாரும் பண்ற மாதிரி" போட்டோம். எக்ஸ்-ரே இல்லை. பரிசோதனை இல்லை. வீட்டுலயே ஆண் நாய். ரெண்டாவது ஹீட்டுலயே இணை சேர்த்தாச்சு. ஆள் கிடையாது. ஒரு ஊசியோட 40 நாள்ல குட்டியை அனுப்பியாச்சு. தாய்க்கு 6,000, குட்டித் தீனி 7,000, ஊசி மருந்து 7,000, மத்தது 5,000. ஈத்துச் செலவு 25,000. 7 குட்டி, 20,000 வீதம் 1,40,000. மிச்சம் 1,15,000. வருஷத்துக்கு ரெண்டுன்னா 2,30,000.

தம்பி முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. "பாருங்க அண்ணா, வருதே!"

வருதுதான். ஆனா வரிவரியாப் பாருங்க. எக்ஸ்-ரே காசு மிச்சம். அதை வாங்கினவர் பின்னாடி ஆபரேஷன் பில்லா கட்டுவார். 40 நாள்ல அனுப்பினதுல ரெண்டு வாரத்துக்கு மேல தீனி மிச்சம். தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் விளையாடிக் கடிக்கற அளவைக் கத்துக்க வேண்டிய வாரங்கள் அவை, அது அந்தக் குட்டிக்குக் கிடைக்கல. ரெண்டாவது ஊசி மிச்சம். பார்வோ வந்தா வாங்கினவர் தலையில. வருஷம் ரெண்டு ஈத்துல கூடுதல் வருமானம். அதைக் கொடுத்தது தாயோட எலும்பும் ரத்தமும். அஞ்சு வயசுல ஓஞ்சுபோன பெட்டையை யாருக்காவது "தோட்டத்துக்குக் காவல்"னு கொடுத்துட்டா, மீதி ஆயுசுச் செலவும் மிச்சம்.

அக்கவுன்டன்சில இதுக்கு ஒரு எளிய விதி உண்டு. செலவு காணாம போகாது. ஒருத்தர் புத்தகத்துல எழுதலைன்னா இன்னொருத்தர் புத்தகத்துல எழுதப்படும். இங்கே எழுதற ஆள் ஒண்ணு வாங்கினவர், இல்லைன்னா அந்த நாய்.

இது எனக்கு எப்படித் தெரியும்

நான் அந்த இன்னொரு புத்தகத்தை எழுதினவன். சி.ஏ. முடிச்ச வருஷம், கையில முதல் முறையா காசு. ஒரு வீட்டுல 12,000 ரூபாய்க்கு ஷெப்பர்டு குட்டி வாங்கினேன். காகிதம் எதுவும் கேட்கல. அம்மா நாயைக் காட்டல, நானும் கேட்கல. தினம் தினம் ஆடிட்ல மத்தவங்ககிட்ட வவுச்சர் எங்கேன்னு கேக்கற ஆள், அங்கே வாயைத் திறக்கல. குட்டி அவ்வளவு அழகு.

பேரு ராஜா. பதினொரு மாசத்துல மாடிப்படி ஏறும்போது பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து வச்சு முயல் மாதிரி தத்துவான். நாங்க சிரிச்சோம், வீடியோ எடுத்தோம். டாக்டர் சிரிக்கல. எக்ஸ்-ரே எடுத்தார். ரெண்டு பக்கமும் இடுப்புக் குழி தட்டையா இருந்துச்சு. "இது நீங்க பண்ணினது இல்ல சார், பிறவியிலயே கூட வந்தது"ன்னார். அப்பதான் அந்த வீடியோவை டிலீட் பண்ணினேன்.

தொழில் பழக்கம், எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். வலி மாத்திரை, மூட்டு மருந்து, எடை குறைக்கத் தனித் தீனி, ஒரு ஆபரேஷன், வழுக்காம இருக்க ஹால் முழுக்க விரிப்பு. எட்டு வருஷத்துல சாதாரண வளர்ப்புச் செலவு போக 2,60,000 ரூபாய். கடைசி வருஷம் அவனை அப்பா ஒரு துண்டால இடுப்புல தாங்கித்தான் வாசலுக்குக் கூட்டிட்டுப் போவார். அப்பாவுக்கும் அப்ப முழங்கால் வலி. ரெண்டு பேரும் மெதுவா போய்ட்டு மெதுவா வருவாங்க.

எனக்கு அந்தக் குட்டியை வித்தவர் கெட்டவர் இல்லை. பாசமாத்தான் பேசினார். அவர் மிச்சம் பிடிச்சது அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணுன்னு ரெண்டே ரெண்டு எக்ஸ்-ரே. அவர் கணக்குல அது சில ஆயிரம். தம்பியோட எக்செல்ல "இதர"ன்னு ஒரு வரி இருந்துச்சே, அதைப் பார்த்ததும் எனக்கு ராஜாதான் ஞாபகம் வந்தான்.

காசுல சொல்ல முடியாத வரிகள்

நேரம். குட்டி பிறந்து 8 வாரம், தினம் 4 மணி நேரம்னு குறைச்சு வச்சாலும் 224 மணி நேரம். 37,000-ஐ வகுத்தா மணிக்கு 165 ரூபாய். உங்க ஆபீஸ் சம்பளத்தை மணிக்கணக்குல வகுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. தாய்க்குப் பால் வரலைன்னா முதல் வாரங்கள்ல 2-3 மணி நேரத்துக்கு ஒரு தடவை புட்டிப்பால், ராத்திரியும்தான். காலையில 9 மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருக்கும்.

சராசரியை நம்பாதீங்க. மேலே நான் போட்டது எல்லாம் சராசரிக் கணக்கு. நூறு ஈத்து பண்றவருக்குச் சராசரி வேலை செய்யும். ஒரு ஈத்து பண்றவருக்கு நடக்கறது ஒண்ணு நல்லது, இல்ல மோசமானது. நாலுல ஒண்ணு சிசேரியன்னு 7,500 ஒதுக்கினோம்; ராத்திரி 2 மணிக்கு டாக்டர் கேக்கறது முழு 30,000. பார்வோ உள்ளே வந்துட்டா ஏழு குட்டிக்கும் ட்ரிப் ஏத்தணும். செலவு ஏறும், விற்க குட்டி இருக்காது. அந்த நேரம் "இந்தக் குட்டி பிழைச்சாலும் 30,000தானே"ன்னு மனசு ஒரு கணக்குப் போடும் பாருங்க, அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. லோன் எடுத்து வந்தவங்க அந்தக் கணக்கைப் போட்டே ஆகணும். அதனாலதான் கடன் வாங்கி இதுல இறங்காதீங்கன்னு சொல்றேன்.

லோன் கணக்கும் சொல்லிடறேன். 2 லட்சம், 14 சதவீதம், 3 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 6,835. முறையா பண்ணினா, குட்டி வாங்கின நாள்ல இருந்து முதல் ரூபாய் கைக்கு வர 26 மாசம் ஆகும். அதுக்குள்ள 1,77,000-க்கு மேல கட்டியிருப்பீங்க, சம்பளத்துல இருந்து.

திரும்பி வர்ற நாய். பொறுப்பான ப்ரீடர் ஒவ்வொரு குட்டியையும் விற்கும்போது ஒரு வாக்குக் கொடுக்கறார்: எந்த வயசுல உங்களால வச்சுக்க முடியலைன்னாலும் என்கிட்ட திருப்பிக் கொடுங்க, தெருவுல விடாதீங்க. வாங்கினவருக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும், ஆன்சைட் போவார், புது ஹவுஸ் ஓனர் நாய் கூடாதும்பார். மூணு வயசு, 35 கிலோ நாய் ஒண்ணு உங்க வாசல்ல வந்து நிக்கும். வரலாம், வராமலும் போகலாம்ங்கிற இந்த மாதிரிப் பொறுப்பை கம்பெனிகள் பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே குறிப்பா எழுதும். 18 குட்டி வித்தா உங்க பேர்ல அந்த மாதிரி 18 குறிப்பு, ஒவ்வொண்ணும் பத்து வருஷத்துக்கு. நீங்களே வாடகை வீட்டுல இருந்தா அந்த வாக்கைக் கொடுக்கவே முடியாது.

டாக்ஸ் பத்தி ரெண்டு வார்த்தை

சி.ஏ. எழுதிட்டு இதைச் சொல்லாம விட்டா நீங்க விட மாட்டீங்க. நாய் வளர்ப்பு விவசாய வருமானம் கிடையாது, வரி உண்டு. குட்டி விற்கறது பிசினஸ் வருமானம், அதனால வழக்கமான ஐ.டி.ஆர்.-1 செல்லாது. நஷ்டம் வந்தா சம்பளத்துல கழிக்கலாமான்னு கேக்கறாங்க: முடியாது. பிசினஸ் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோட நேர் பண்ண சட்டம் அனுமதிக்கல. குட்டி விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, சந்தோஷம், ஆனா பாக்கெட் நாய்த் தீனிக்கு 18 சதவீதம் கட்டறீங்க, விற்பனை வரிவிலக்குல இருக்கறதால அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. உங்க ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற தொழில் பண்ணக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கான்னும் பாருங்க.

இன்னொரு விஷயம். மெஷின் வாங்கினா வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கலாம். மிருகத்துக்குத் தேய்மானம் கிடையாது. நாம எல்லாரும் படிச்ச 1961-ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்துல, தொழிலுக்கு வச்சிருக்கிற மிருகம் இறந்துபோனாலோ இனி உதவாதுன்னு ஆனாலோ அப்பதான் அதோட விலையைச் செலவா எழுத முடியும். படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின பிரிவு. ராஜா போன பிறகு ஒருநாள் ஒரு கிளையன்டுக்காக அதைத் திரும்பப் படிச்சேன். கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சுட்டேன்.

அப்ப யாருமே பண்ணக் கூடாதா?

அப்படிச் சொல்ல வரல. தத்து எடுங்க, காசு கொடுத்து வாங்காதீங்கன்னு சொல்றவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. முதல் தடவை நாய் வளர்க்கறவங்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். அதே நேரம், ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நம்ம இனங்களை ஒழுங்கா காப்பாத்தி வச்சிருக்கிறது அதை ஆசையா, கைக்காசு போட்டுப் பண்ற சிலர்தான். ராஜபாளையத்துல வெள்ளை நிறத்தோட சேர்ந்து காது கேளாமை வர்ற பிரச்சினை உண்டு. அதைக் கவனிச்சு, கேக்காத நாயை இணை சேர்க்காம விடற ஒருத்தர், ஒரு நல்ல விலையைத் தியாகம் பண்றார். அவங்களுக்கு இது வருமானம் இல்லை, விரதம் மாதிரி. நீங்க பண்ணணும்னா அந்தப் பட்ஜெட்ல பண்ணுங்க. வீணை கத்துக்கறதுக்கும் ட்ரெக்கிங் போறதுக்கும் யாரும் ரிட்டர்ன் கேக்கறதில்லையே.

இறங்கறதுன்னே முடிவு பண்ணினா என் நிபந்தனைகள் அஞ்சு:

1. கடன் ஒரு ரூபாய் கூட கூடாது. உங்க ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டைத் தொடவும் கூடாது.
2. மேட்டிங்குக்கு முன்னாடி தனிக் கணக்குல 1 லட்சம் இருக்கணும். பிரசவத்துக்கும் குட்டி நோய்க்கும் மட்டும்.
3. சொந்த வீடு, பகல்ல வீட்டுல ஒரு பெரிய ஆள், ராத்திரிக்கு நீங்க.
4. இணை சேர்க்கறதுக்கு முன்னாடியே குறைஞ்சது அஞ்சு நல்ல வீடு பேசி வச்சிருக்கணும்.
5. திருப்பி வாங்கிக்கறேன்னு எழுத்துல கொடுக்கணும்.

இதைப் படிக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ப்ரீடர் ஆகப் போறதில்லை. குட்டி வாங்கப் போறீங்க. உங்களுக்கும் இதே கணக்குதான், மறுபக்கத்துல இருந்து. வாரியப் பதிவுச் சான்று கேளுங்க. அப்பா அம்மா ரெண்டு பேரோட இடுப்பு எக்ஸ்-ரே ரிப்போர்ட் கேளுங்க. அம்மா நாயை நேர்ல பாருங்க. ஒட்டிப்போய், மடி தொங்கி, ஓரமா கட்டிப்போட்டு இருந்தா திரும்பி வந்துடுங்க. 8 வாரம் முடிஞ்சுதா, ஊசி அட்டை, சிப் நம்பர் பாருங்க. இதெல்லாம் இருக்கிறவர் 45,000, 50,000 கேட்டா "கொள்ளை"ன்னு சொல்லாதீங்க. மேலே இருக்கிற ஷீட்டைப் பார்த்தீங்கன்னா அவர் தன் கைக்காசைச் சேர்த்துத்தான் உங்களுக்குக் கொடுக்கறார்னு புரியும். 12,000 சொல்றவர்கிட்ட மீதியை நீங்க தவணையில கட்டுவீங்க. இந்தத் தவணைக்கு முன்கூட்டியே கட்டி முடிக்கற வசதி கிடையாது.

அந்தத் தம்பி லேப்டாப்பை மூடிட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எனக்கு நாய்னா உசிரு அண்ணா. அதோட இருந்துக்கிட்டே சம்பாதிக்க வழி இருக்கான்னுதான் பார்த்தேன்"ன்னார். அது தப்பில்லை. 42,000 சம்பளத்துல வாடகை, வீட்டுக்கு அனுப்பறது போக, பிடிச்ச வேலையில நாலு காசு வராதான்னு யோசிக்கிற யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும் நாய்ப் பயிற்சி கத்துக்கிட்டு அதைப் பண்ணுங்க, ஊருக்குப் போறவங்க நாயைப் பார்த்துக்கங்க, அதுல முதலீடும் குறைவு, உயிர் ரிஸ்க்கும் குறைவுன்னு சொன்னேன். யோசிக்கறேன்னார். இன்னும் முடிவு சொல்லல. லோன் மட்டும் எடுக்கலைன்னு மெசேஜ் போட்டிருந்தார்.

உங்க ஊர்ல தீனி, டாக்டர் செலவு எவ்வளவு ஆகுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க, ஷீட்டைத் திருத்திக்கலாம். நஷ்டமே வராத கணக்கு வச்சிருக்கவங்களும் எழுதுங்க. ஆனா வரிவரியா எழுதுங்க, "இதர"ன்னு போடாதீங்க. அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.